வாசிப்புக் கருவி வாங்குமுன் காகிதத்தை அளந்து பாருங்கள்

காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றை ஒரு பையில் இட்டு, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது எமது குடும்பங்களின் வழக்கம். இடப்பெயர்வு கற்றுத்தந்த வழக்கம் அது. இன்று அந்தப் பைக்குள் வைக்க முடியாத வேறொரு வகை ஆவணமும் எம்மை வந்தடைகிறது. வர்த்தமானி அறிவித்தல், விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரம், பிள்ளையின் பாடநூல், கடந்தகால வினாத்தாள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்ற பதில் எனப் பலவும் கைத்தொலைபேசிக்குக் கோப்பாக வருகின்றன. வந்தவற்றை எத்தனை பேர் முழுமையாக வாசிக்கிறோம்?

"எழுத்து பொடியாக இருக்கிறது, தம்பி வந்தால் வாசித்துச் சொல்வான்" என்பதே நாம் பெரும்பாலும் கேட்கும் பதில். தம்பி வரும்வரை சில விடயங்கள் காத்திருக்கும். சில விடயங்கள் காத்திருக்க மாட்டா. 2025 மார்ச் 28ஆம் திகதியிடப்பட்ட 2430ஆம் இலக்க வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணி தொடர்பாக, உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வர வேண்டும் என்று அது அறிவித்தது. கோரிக்கை வராத காணி அரச காணியாகிவிடக்கூடும் என்பதே மக்களின் அச்சம். பின்னர் 2025 யூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அதற்கிடையில் எத்தனையோ குடும்பங்கள் சந்தையிலும் பேருந்திலும் கேட்ட கதைகளைக் கொண்டே தமது காணியின் நிலையை ஊகிக்க வேண்டியிருந்தது. அறிவித்தலோ எவரும் இலவசமாகத் தரவிறக்கக்கூடிய கோப்பாக இருந்தது.

ஆகவே, வாசிப்பதற்கு ஏற்ற ஒரு சிறு கருவியை எப்படித் தெரிவு செய்வது, அதற்கு எவ்வளவு செலவிடுவது தகும் என்ற கேள்வி கமக்காரக் குடும்பத்துக்கும் உரிய கேள்வியே. அதனையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

எதை வாசிக்கப் போகிறோம்?

மண்வெட்டி வாங்கும்போது மண்ணைப் பார்த்தே வாங்குகிறோம். கருவி வாங்கும்போதும் கடைக்குப் போகுமுன் நாம் வாசிக்க வேண்டிய ஆவணம் எத்தகையது என்று பார்க்க வேண்டும். மின் ஆவணங்கள் பொதுவாக இரண்டு வகைப்படும்.

முதலாவது, பக்க வடிவம் மாறாத ஆவணம். பி.டி.எப். என்று சொல்லப்படும் கோப்புகளில் பெரும்பாலானவை இவ்வகையின. ஒரு காகிதத்தை ஸ்கான் செய்து அனுப்பினால் அது அந்தக் காகிதத்தின் படம் மாத்திரமே. படத்தைப் பெருப்பிக்கலாம். ஆனால் எழுத்து பெருக்கும்போது வரியின் ஓரம் திரைக்கு வெளியே போய்விடும். வர்த்தமானி, பாடநூல், வினாத்தாள், அலுவலகக் கடிதம் என்பன இவ்வாறே வருகின்றன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெரும்பாலும் ஸ்கான் செய்த பக்கங்களே.

இரண்டாவது, திரைக்கேற்ப ஓடி அமரும் ஆவணம். ஈபப் என்பது இதில் முக்கியமான வகை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் அமைந்துவிடும். 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம் இலவசமாக வழங்கும் தமிழ் இலக்கியங்கள் பலவற்றை இவ்வடிவிலும் பெறலாம். கதை, கட்டுரை, சமய நூல் வாசிப்போருக்கு இது மிக வசதியானது. ஆனால் அலுவலக ஆவணங்கள் இவ்வடிவில் வருவது அரிது.

இவ்விடத்தில் எழுத்துருச் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். எமது அலுவலகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் பாமினி எழுத்துரு நெடுங்காலம் வழக்கில் இருந்தது. இன்றும் முற்றாக மறையவில்லை. அதில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பமே தெரியும். கருவி பழுதாகிவிட்டது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். கருவியில் பழுது எதுவும் இல்லை. கோப்பை அனுப்பியவரிடம் அதனை பி.டி.எப். ஆக மாற்றித் தரும்படி கேளுங்கள். எழுத்துருவையும் சேர்த்து மாற்றினால் எந்தக் கருவியிலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

அடிமட்டம் சொல்லும் உண்மை

அலுவலகக் கடிதத்தாள், அதாவது ஏ4 தாள், 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் உயரமும் உடையது. அதில் 3 மில்லிமீற்றர் உயரமான எழுத்து ஒன்று இருப்பதாகக் கொள்வோம். முழுப்பக்க அகலமும் திரைக்குள் அடங்கும்போது அந்த எழுத்து எவ்வளவாகச் சுருங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

6.5 அங்குலக் கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் ஏறக்குறைய 68 மில்லிமீற்றர். எழுத்து 1 மில்லிமீற்றருக்குக் குறுகிவிடும். அதே தொலைபேசியைப் படுக்கையாகத் திருப்பினால் அகலம் 150 மில்லிமீற்றர் ஆகிறது. எழுத்தும் 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகிறது. ஆனால் ஒரு தடவைக்குப் பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கே தெரியும்.

6 அங்குல மின்வாசிப்பானின் திரை 91க்கு 122 மில்லிமீற்றர். நிமிர்த்திப் பிடித்தால் எழுத்து 1.3 மில்லிமீற்றர், படுக்கையாகப் பிடித்தால் 1.7 மில்லிமீற்றர்.

8 அங்குல டெப் கணினியைப் படுக்கையாகப் பிடித்தால் அகலம் 172 மில்லிமீற்றர். எழுத்து ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர்.

10.1 அங்குல டெப் கணினியைப் படுக்கையாகப் பிடித்தால் அகலம் 217 மில்லிமீற்றர். காகிதத்தில் உள்ள அதே 3 மில்லிமீற்றர் எழுத்து சுருங்காமல் தெரியும். பக்கத்தின் ஏறக்குறைய பாதி ஒரே பார்வையில் அடங்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விடயங்கள் தெளிவாகின்றன. வாசிப்பதற்கென்றே செய்யப்பட்ட 6 அங்குல மின்வாசிப்பானைவிட, ஏற்கனவே எமது கையில் உள்ள தொலைபேசியைப் படுக்கையாகத் திருப்பினால் அலுவலகப் பக்கம் பெரிதாகத் தெரிகிறது. எனவே எதையும் வாங்குமுன் தொலைபேசியின் "திரை சுழற்சி" வசதியை இயக்கி, ஒரு வாரம் அவ்வாறு வாசித்துப் பாருங்கள். அதுவே போதுமானால் செலவு இல்லை. போதாவிட்டால் 10 அங்குலத்துக்குக் கிட்டிய திரையைத் தேடுவதே பொருத்தமானது. இரண்டுக்கும் இடைப்பட்ட சிறு கருவிக்குப் பணம் கொடுப்பதால் அலுவலக ஆவணம் வாசிப்பவருக்குக் கிடைக்கும் நன்மை குறைவு.

மின்வாசிப்பான் யாருக்கு?

அப்படியாயின் மின்வாசிப்பானால் பயனில்லையா? அவ்வாறு சொல்வது நியாயமன்று. கிண்டில், கோபோ போன்ற கருவிகள் மின்மைத் திரை கொண்டவை. அத்திரையினுள் கறுப்பும் வெள்ளையுமான மிக நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. மின்சாரம் அவற்றை இடம் மாற்றி எழுத்தை உருவாக்குகிறது. உருவான எழுத்து அடுத்த பக்கம் திருப்பும்வரை மின்சாரமின்றியே நிற்கும். அதனால் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் வாசிக்கலாம். காகிதத்தைப் போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் வெயிலிலும் நன்றாகத் தெரியும். நீண்ட நேரம் கதை அல்லது கட்டுரை வாசிப்பவருக்கும், எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்க விரும்பும் முதியவருக்கும் ஈபப் நூல்களுடன் அது மிக நல்ல கருவி.

ஆனால் எமது தேவைக்கு அதில் மூன்று தடைகள் உள்ளன. ஒன்று, மேலே சொன்ன திரையளவு. இரண்டு, நிறம். குறைந்த விலை மின்வாசிப்பான்கள் கறுப்பு வெள்ளையானவை. நெல் இலை எவ்விடத்தில் மஞ்சளாகிறது, மிளகாய் இலையில் உள்ள புள்ளி என்ன நிறம் என்று காட்டும் துண்டுப்பிரசுரம் சாம்பல் நிறத்தில் பாதிப் பயனை இழந்துவிடும். மூன்று, விலை. 2024ஆம் ஆண்டு வெளிவந்த சாதாரண 6 அங்குலக் கிண்டிலின் விலை அமெரிக்காவில் 109.99 டொலர். ஏ4 பக்கத்துக்கு ஏற்ற 10.2 அங்குலக் கிண்டில் 2022இல் அறிமுகமானபோது அங்கே 339.99 டொலர். இங்கே கொண்டுவரும் செலவும் வரியும் அதற்கு மேல். பழுதானால் பக்கத்து நகரத்தில் திருத்துவோரும் அருமை.

டெப் கணினியில் நிறம் உண்டு. பெரிய திரை உண்டு. பாடநூலும் வினாத்தாளும் திறக்கும், காணொளியும் பார்க்கலாம். திருத்தும் கடைகள் பட்டினங்களில் உண்டு. குறைகளும் உண்டு. வெயிலில் திரை மங்கும். ஏறக்குறைய எட்டுப் பத்து மணித்தியால வாசிப்பில் மின்கலம் தீர்ந்துவிடும். பிள்ளைகள் கையில் எடுத்தால் விளையாட்டுக் கருவியாகவும் மாறும். மடிக்கணினி வாசிப்புக்கு மாத்திரம் தேவையெனில் பாரமும் விலையும் அதிகம்.

எமது முடிவு இதுதான்: அலுவலக ஆவணமும் பாடநூலும் பயிர்த் தகவலும் வாசிக்கும் குடும்பங்களுக்கு 10 அங்குல அளவிலான சாதாரண டெப் கணினியே பொருத்தம். அதிவேகமானதும் புதிய மாதிரியும் தேவையில்லை. பக்கத்தைத் திறந்து பெருப்பிக்கும் வலு போதும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். இன்னும் மின்னிணைப்புக் கிடைக்காத தற்காலிக வீடுகளில் இருப்போரும் உள்ளனர். டெப் கணினியின் மின்கலம் 7,000 மில்லி அம்பியர் மணி என்றால், அது கொள்ளும் சக்தி ஏறக்குறைய 26 வாற்று மணி. 20 வாற்று சூரியப் பலகை ஒன்று, இழப்புகளைக் கழித்துப் பாதி வலுவில் இயங்கினாலும், நல்ல வெயிலில் மூன்று மணித்தியாலத்தில் அதனை நிரப்பிவிடும். பலகையிலிருந்து வரும் கம்பியை நேராகக் கருவியில் பொருத்தக் கூடாது. 5 வோல்ற்றுக்குக் கட்டுப்படுத்தித் தரும் யூ.எஸ்.பி. இணைப்பு உள்ள பலகையையோ கட்டுப்படுத்தியையோ பயன்படுத்த வேண்டும். பலகையை வெயிலில் வையுங்கள். கருவியை நிழலில் வையுங்கள். சூடேறிய மின்கலம் விரைவில் கெட்டுவிடும். ஊதிப் பருத்த மின்கலத்தை ஒருநாளும் பயன்படுத்த வேண்டாம்.

கடன்பட்டு வாங்க வேண்டாம்

நுண்கடன் எமது கிராமங்களில், விசேடமாகப் பெண்களுக்கு, எவ்வளவு துன்பத்தைத் தந்தது என்பதை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாசிப்புக் கருவி தானாக வருமானம் தரும் பொருளன்று. அதற்காகக் கடன் எடுப்பதும், நகை அடகு வைப்பதும், விதைநெல்லுக்கு வைத்த பணத்தைத் தொடுவதும் தவறு.

அதற்குப் பதிலாக ஒரு வழியைச் சொல்கிறோம். ஒரு குடும்பம் ஆவணம் வாசிப்பது கிழமையில் இரண்டு மூன்று தடவைதான். எனவே பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு டெப் கணினியை வாங்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ அதற்குப் பொறுப்பாக இருக்கலாம். சீட்டுப் பிடித்துப் பழகிய எமது பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. யாரிடம் கருவி இருக்கும், எந்த நாளில் யாருக்கு, உடைந்தால் செலவு யாருடையது என்ற மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். மாலையில் ஒரு மணித்தியாலத்தைப் பொது வாசிப்புக்கு ஒதுக்கினால், எழுத வாசிக்கத் தெரியாத அப்புவும் ஆச்சியும்கூட வர்த்தமானியில் என்ன இருக்கிறது என்று காதால் கேட்டுக்கொள்வர். ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கும்போது தவறான விளக்கம் பரவுவதும் குறையும்.

கடையில் செய்ய வேண்டியவை

புதிதோ பழையதோ, பணத்தை நீட்டுமுன் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

1. உங்கள் சொந்த ஆவணத்தைக் கொண்டு செல்லுங்கள். ஒரு வர்த்தமானிப் பக்கம், ஒரு பாடநூல், ஸ்கான் செய்த ஒரு கடிதம் ஆகியவற்றை மெமரி கார்ட்டில் ஏற்றிச் சென்று அந்தக் கருவியிலேயே திறந்து வாசியுங்கள். கடைக்காரர் காட்டும் அழகிய படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

2. கருவியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள்.

3. மெமரி கார்ட் பொருத்தும் இடம் உண்டா என்று கேளுங்கள். ஸ்கான் செய்த ஒரு பக்கம் அரை மெகாபைட் என்று கொண்டால், நூறு பக்க நூல் 50 மெகாபைட். 32 ஜிகாபைட் கார்ட் ஒன்றில் அத்தகைய அறுநூறு நூல்கள் அடங்கும். இணைய வசதி இல்லாத இடத்திலும் அவற்றை வாசிக்கலாம்.

4. பழைய கருவியாயின் மின்னேற்றும் துவாரம் தளர்ந்துள்ளதா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் இயக்கி மின்கலம் எவ்வளவு இறங்குகிறது என்று கவனியுங்கள். அந்த நேரத்தில் பத்து வீதத்துக்கு மேல் இறங்கினால் அதனை விட்டுவிடுங்கள்.

5. சிம் போடக்கூடிய கருவியாயின் அதன் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைப் பாருங்கள். பெட்டியிலும் கருவியின் அமைப்புகளிலும் அது இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் தட்டச்சு செய்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும்.

6. பற்றுச்சீட்டும் உத்தரவாதக் காலமும் எழுத்தில் பெறுங்கள். "பிறகு தருகிறேன்" என்பவரிடம் பிறகே வாங்குங்கள்.

வாங்கிய பின்னர்

கருவியில் முதலில் எவற்றை ஏற்றலாம்? உங்கள் பிள்ளைகளின் வகுப்புகளுக்குரிய தமிழ்மொழிப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து இலவசமாகப் பெறலாம். உங்கள் நிலத்தில் விளையும் பயிர்கள் பற்றிய விவசாயத் திணைக்களத்தின் பிரசுரங்களையும் ஏற்றி வையுங்கள். படித்தும் விளங்காததை அத்திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். உங்கள் பிரதேசத்தின் காணி தொடர்பான வர்த்தமானிகளைத் திகதி வாரியாகத் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள்.

உறுதி, அனுமதிப்பத்திரம், சான்றிதழ் ஆகியவற்றின் தெளிவான படங்களையும் எடுத்து வைப்பது நல்லது. மூலப்பத்திரம் தொலைந்தால் அதன் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் என்பன அப்படத்தில் இருக்கும். காணிப் பதிவகத்திலோ பிரதேச செயலகத்திலோ உறுதிப்படுத்திய பிரதி கேட்கும்போது இவ்விபரங்களே வழிகாட்டும். ஆனால் படம் உறுதியாகாது. மூலத்தைப் பழையபடி பாதுகாக்க வேண்டும்.

பொதுக் கருவியில் தனிப்பட்ட பத்திரங்களின் படங்களை வைக்க வேண்டாம். அவற்றை ஒவ்வொரு குடும்பமும் தனது மெமரி கார்ட்டிலோ சொந்தத் தொலைபேசியிலோ வைத்து, நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்து வைக்கலாம். கருவியைத் திருத்தக் கொடுக்கும்போது கார்ட்டைக் கழற்றிவிடுங்கள். வங்கிக் கணக்கு, கடவுச்சொல் என்பவற்றைப் பொதுக் கருவியில் பயன்படுத்தவே வேண்டாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஓர் அடிமட்டத்தையும், உங்களுக்கு வந்து இன்னும் வாசிக்காமல் கிடக்கும் ஒரு கோப்பையும் கொண்டு செல்லுங்கள். தொலைபேசியைப் படுக்கையாகத் திருப்பி அதனை எல்லோரும் வாசிக்க முயலுங்கள். வாசிக்க முடிந்தால் பணம் மிச்சம். முடியாவிட்டால் பத்துக் குடும்பங்களின் பெயரை அங்கேயே எழுதத் தொடங்குங்கள். எமது காணியைப் பற்றி, எமது பயிரைப் பற்றி, எமது பிள்ளையின் படிப்பைப் பற்றி எழுதப்பட்டதை எமது கண்ணாலேயே வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பமிடும் நிலை வர வேண்டும். அந்த நிலைக்குக் கொண்டுசெல்லும் கருவி எதுவோ, அதுவே எமக்கு ஏற்ற கருவி.